'மென்மையானவர்' என்று எழுதலாமா?

கேள்வி: எங்கள் பள்ளித் தலைமையாசிரியை பணி ஓய்வு பெறுகிறார். பாராட்டு மடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 'மென்மையானவர்' என்று தொடங்கியிருந்தேன். மூத்த ஆசிரியர் ஒருவர் படித்துவிட்டு, "நிர்வாகம் பண்ணத் தெரியாதவர்னு அர்த்தம் வந்துடும், மாத்தும்மா" என்றார். தாமதமாக வரும் பிள்ளைகளை அம்மா சும்மா விடமாட்டார். ஆனால் யாரையும் நாலு பேர் முன்னால் திட்டியதில்லை. தனியே கூப்பிட்டு, காரணம் கேட்டு, அதன்பிறகுதான் கண்டிப்பார். இதற்கு எந்தச் சொல்லைப் போடுவது?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூத்த ஆசிரியர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 'மெல்' என்ற அடியிலிருந்து மென்மை மட்டுமா வந்தது? மெலிவும் மெலிதலும் வந்தன. குறளில் 'மெலியார்' என்றால் வலிமை குறைந்தவர். 'மெத்தனம்' என்ற சொல்லைப் பாருங்கள். மெத்தென்றவற்றை வன்மையானவை வெல்லமாட்டா என்று ஔவையார் நல்வழியில் பாடினார். இன்று செய்தித்தாளைத் திறந்தால் 'அதிகாரிகளின் மெத்தனம்' என்று அதே மெத்தென்ற தன்மை அலட்சியமாகிக் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெண்ணை 'மெல்லியல்' என்பது நம் பழம்பாட்டு வழக்கு. அதனால் ஒரு பெண் அதிகாரியைப் பற்றி எழுதும்போது 'மென்மையானவர்' என்பது யோசிக்காமலே பேனாவில் வந்துவிடுகிறது. ஓய்வு பெறுபவர் ஆணாக இருந்தால் இதே சொல்லில் தொடங்கியிருப்பீர்களா? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு பள்ளியை நடத்திய ஒருவரின் நடத்தையை அவருடைய பிறவிக்குணம் போல எழுதிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன். அவர் மென்மையாக இருந்தது அவரே தேர்ந்துகொண்ட வழி.

அந்த வழிக்குத் தமிழில் மிகப் பழைய சான்று இருக்கிறது. 562ஆம் குறள், 'கடிதோச்சி மெல்ல எறிக' என்கிறது. கையை ஓங்கும்போது கடுமையாக ஓங்கு, அடி விழும்போது மெல்ல விழட்டும் என்று பொருள். வெருவந்தசெய்யாமை அதிகாரத்தில் வருகிறது. ஆளுபவனுக்குச் சொன்ன அறிவுரை. தண்டிக்கும் அதிகாரம் கையில் இருப்பவன்தான் மெல்ல எறிய முடியும். உங்கள் தலைமையாசிரியை வாசலில் நின்று பிள்ளைகளை நிறுத்துவதும், பிறகு தனியே அழைத்துக் காரணம் கேட்பதும் இந்த இரண்டு பாதிகள்தாம். மடலில் இந்தக் குறளை எடுத்தாளுங்கள். மூத்த ஆசிரியரின் கவலைக்கும் அதுவே பதில்.

இனி மாற்றுச் சொற்கள். 'சாது' வேண்டாம். வாயில்லாதவர் என்ற சாயல் அதில் எப்போதும் இருக்கிறது. 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்பதையும் கேட்பவர் மனம் தானாகச் சேர்த்துக்கொள்ளும். 'நைச்சியம்' பக்கமே போகாதீர்கள், அதில் காரியம் சாதிக்கும் வாடை வீசும். 'பதவிசு' இளையவர்களைப் பெரியவர்கள் மெச்சும் சொல். 'பரிவு' நல்ல சொல்தான், ஆனால் எதிரில் ஒருவர் துன்பப்பட வேண்டும். அம்மா வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு உதவிய இடம் ஏதும் இருந்தால் அங்கே எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கனிவு'. கனிதலில் காலம் இருக்கிறது. முதலில் காயாக இருந்தது, வெயிலும் மழையும் பட்டுப் பழுத்தது என்ற வரலாறு அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதனால் கனிவானவரைப் பலவீனமானவர் என்று யாரும் எண்ணுவதில்லை. ஒரு சங்கடம் மட்டும்: 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ரயில் நிலையத்தில் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. வெறுமனே 'கனிவானவர்' என்று விட்டால் அறிவிப்பு போலத் தொனிக்கும். 'கனிவும் கண்டிப்பும்' என்று சேர்த்தால் உயிர் வரும்.

பேச்சில் நாம் சொல்லும் 'தன்மையா' என்பதையும் நினைத்துப் பாருங்கள். 'தன்மையா எடுத்துச் சொன்னாங்க' என்று ஒரு மாணவன் சொன்னால் அதில் மரியாதை, பொறுமை, நிதானம் மூன்றும் கேட்கும். மடலில் இடம் தராவிட்டாலும், மேடையில் பேசும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். கூட்டத்தில் இருக்கும் பெற்றோர் சட்டென்று தலையாட்டுவார்கள்.

ஆனால் பெயர்ச்சொல் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து அவர்மேல் ஒட்டுவதைவிட நல்ல வழி, எனக்கு எழுதிய கடிதத்திலேயே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைச் சற்றே சீர்படுத்தித் தருகிறேன்: "கண்டிக்க வேண்டியதை ஒருநாளும் விட்டதில்லை. பிறர் முன் சொன்னதும் இல்லை. தனியே அழைத்தார், காரணம் கேட்டார், மெல்லச் சொன்னார்." இதற்கு முன்னால் 'மென்மையானவர்' தேவையே இல்லை. குறளை இதற்கு அடுத்த வரியில் வையுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'மெல்லச் சொன்னார்' என்பதில் ச் மிகும், பிழை திருத்துபவர் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்ததும் அந்த மூத்த ஆசிரியரிடமே முதலில் காட்டுங்கள்.