கிரீஃப், சாரோ: இரங்கல் கடிதத்தில் எதை எழுதுவது?

ஏற்காட்டிலிருந்து, காபி எஸ்டேட் அலுவலக ஊழியர்: டீச்சர், எங்கள் மேனேஜரின் அம்மா தவறிவிட்டார்கள். இங்கிலீஷில் இரங்கல் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. கிரீஃப் என்று போடுவதா, சாரோ என்று போடுவதா? செல்போனில் பார்த்தால் இரண்டுக்கும் துக்கம் என்றே வருகிறது.

பதில்: இரண்டையும் போடுங்கள், ஆனால் யாருக்கு எது என்று பார்த்துப் போடுங்கள். செய்தி கேட்ட உங்களுக்கு வந்தது சாரோ, பெற்றவளைப் பறிகொடுத்த அவருக்கு இருப்பது கிரீஃப். 'டீப் சாரோ'வோடு தொடங்கி, உங்கள் கிரீஃபில் நாங்களும் பங்கெடுக்கிறோம் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். லத்தீனில் கிராவிஸ் என்றால் கனமானது, அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் கிரீஃப், நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி என்கிறோமே, அது. சாரோ பழைய ஆங்கிலச் சொல், கவலையும் துயரமும் அதற்குள் அடங்கும். என் அப்பா போன முதல் மாதம் எனக்குச் சோறும் இறங்கவில்லை தூக்கமும் இல்லை, அது கிரீஃப். இன்றைக்கும் சீசனில் மல்கோவா வாசம் அடித்தால் அவர் பையோடு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும், அழுகை வராது, மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். அது சாரோ.

ஆத்தூர், பிளஸ் டூ மாணவி: சாரோவிலிருந்து வந்ததுதானே சாரி?

பதில்: இல்லை கண்ணு. சாரி, புண்ணையும் வலியையும் குறிக்கும் 'சோர்' என்ற சொல்லின் உறவு. ஒலி நெருங்கியதால் பொருளும் ஒட்டிக்கொண்டது.

கொண்டலாம்பட்டி, நெசவாளர்: சாவு எதுவும் இல்லைங்க, தறியை விற்றோம், வீடும் போச்சு. இதைக் கிரீஃப் என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி, அது கிரீஃபேதான். முறிந்த கல்யாணத்துக்கும் வளர்த்த நாய் செத்ததற்கும்கூட அந்தச் சொல் உண்டு. பெரும்பாலும் சாவோடு சேர்ந்து வருவது இன்னொரு சொல், மோர்னிங்: ஒப்பாரி, பதினாறாம் நாள் காரியம் என்று வெளியில் தெரிகிற துக்கம்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவர்: கிரீஃப்ஸ் என்று பன்மையில் எழுதலாமா?

பதில்: அபூர்வம். இன்ப துன்பம் என்பதற்கு 'ஜாய்ஸ் அண்ட் சாரோஸ்' என்பதே வழக்கம்.

மறுபடியும் ஏற்காடு: எழுதிவிட்டேன் டீச்சர். கடைசி வரியில், உங்கள் கிரீஃப் சீக்கிரம் தீரட்டும் என்று போட்டிருக்கிறேன், சரியா?

பதில்: அதை எடுத்துவிடுங்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சீக்கிரம் மறந்துவிடுங்கள் என்றா சொல்வோம்? அந்த அம்மாவை நேரில் பார்த்திருந்தால் அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், கையெழுத்தையும் பேனாவால் போடுங்கள்.