வரலாற்று விரிவுரையாளர் ஆனால் சம்பளம் போதுமா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தங்கச்சி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புப் பட்டம் செய்து விரிவுரையாளர் ஆக ஆசைப்படுகிறாள். வீட்டில் பத்தனை கல்வியியல் கல்லூரிக்குப் போனால் உடனே ஆசிரியர் வேலை என்கிறார்கள். எது நல்லது?" நானும் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் அந்த வழியாக வந்தவள்தான். இப்போது சிரேஷ்ட விரிவுரையாளர்.

நிரந்தரப் பதவி கிடைத்துவிட்டால் சம்பளம் போதும், தம்பி. அரச பல்கலைக்கழகங்களில் பாடத்தைப் பார்த்துச் சம்பளம் போடுவதில்லை. ஒரே தரத்தில் இருந்தால் வரலாறு படிப்பிக்கிறவருக்கும் பௌதிகவியல் படிப்பிக்கிறவருக்கும் ஒரே அடிப்படைச் சம்பளம். அதன்மேல் கல்விசார் கொடுப்பனவு, வாழ்க்கைச் செலவுப்படி, ஆய்வு செய்தால் ஆய்வுக் கொடுப்பனவு எல்லாம் சேரும். அதனால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2023இல் மாதம் 1,00,000 ரூபாய்க்கு மேல் வருமான வரி வெட்டத் தொடங்கியபோது ரொம்பவே கடித்தது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை 1,50,000 ஆன பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

கஷ்டமெல்லாம் அதற்கு முந்திய வருடங்களில். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் நல்ல வகுப்போடு முடித்தாலும், முதலில் கிடைப்பது தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலைதான். நிரந்தர வெற்றிடம் பெரும்பாலும் யாராவது ஓய்வு பெற்றால்தான் வரும். ஓய்வு வயது 65. தமிழ் மொழிமூல வரலாறு என்றால் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் மூன்று வருடம் தற்காலிகமாக இருந்தேன். ஒரு பல்கலைக்கழகத்தில் நியமனக் கடிதம் தாமதமாகி, முதல் சம்பளமே நான்காம் மாதம்தான் வந்தது. அதுவரை போர்டிங் வாடகையைக் கட்டியது அம்மா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல். இது அதற்கு முந்திய காலம். அம்மாவின் அந்த மாதச் சம்பளத் துண்டு என்னிடம் இருக்கிறது: ஈ.பி.எஃப் (சேமலாப நிதி), தொழிற்சங்கச் சந்தா, கோயில் சந்தா, தேயிலைத் தூள், தீபாவளி அட்வான்ஸ். எல்லாம் கழித்த மிச்சத்தில் பாதி எனக்கு வந்தது.

ஆகவே தங்கச்சி வரட்டும், ஆனால் பட்டம் முடித்து மூன்று நான்கு வருடம் தாங்குவதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும். இடையில் பட்டதாரி ஆசிரியர் நியமனம் வந்தால் விடக் கூடாது. பாடசாலையில் இருந்துகொண்டே விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தரமானதும் முதலில் தகுதிகாண் காலம், அதற்குள் பட்டமேற்படிப்பு. அப்புறம் ஆய்வைப் பொறுத்துப் பேராசிரியர் வரை போகலாம். ஏழு வருடச் சேவைக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு சப்பாட்டிக்கல் லீவும் உண்டு.

முதல் வருடத்திலேயே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் எழுதிய ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதை அதில் வாசிக்கலாம். ஆனால் மலையில் ஏறிக் குழி வெட்டியவர்களின் பக்கம் நம் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது, அதை நம் பிள்ளைகளால்தான் சரியாக வாசிக்க முடியும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

என் பாட்டி செத்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்தது. பொலித்தீன் பையில் மூன்று மடிப்பாகச் சுற்றியிருந்தார். அதில் பெயர் 'மூக்காயி', பிறப்புப் பதிவில் 'முத்தாயி'. தோட்டத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்த 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தையும் பாடமாகப் படித்திருந்தேன். ஒரு எழுத்து மாறினாலும் ஒரு குடும்பம் எந்தக் கணக்கில் விழும் என்று பயந்தவர்களை அந்தப் பெட்டியில்தான் பார்த்தேன். என் முதல் ஆய்வுக் கட்டுரை அதிலிருந்துதான் வந்தது.

உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா யாராவது இருந்தால், தங்கச்சியை இந்த லீவிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்த எந்தக் கங்காணியோடு குடும்பம் வந்தது, எந்த ஊர், பெயரை யார் எழுதியது. நான் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.