எரர் 2 என்றால் இரண்டாவது பிழை அல்ல

கேள்வி: கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நகைக்கடன் வட்டியைக் கணக்கிட 2003-இல் சி மொழியில் நானே ஒரு நிரல் எழுதினேன். இன்றும் அதை ஆசைக்காக வீட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஏதேதோ எச்சரிக்கை காட்டினாலும் கம்பைல் ஆகி ஓடியது. டெபியன் 13-க்கு மாறியதும் நின்றுவிட்டது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. திரையின் கடைசிப் பத்து வரிகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எரர் 1, எரர் 2 என்று இரண்டு பிழைகள் தெரிகின்றன. எதை முதலில் திருத்துவது? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டையுமே திருத்த முடியாது, ஐயா. அந்த எண்கள் வரிசை எண்கள் அல்ல. தோற்றுப்போன கட்டளை விட்டுச் சென்ற குறியீடுகள். சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் தோற்றால் 1 என்று சொல்லிவிட்டு வெளியேறும். அதைக் கண்டு, கம்பைலரை அழைத்து வேலை வாங்கும் ‘மேக்’ என்ற நிரல் நிற்கும். அந்த மேக்கை இன்னொரு மேக் அழைத்திருந்தால், அதனிடம் 2 என்று சொல்லும். உங்கள் நிரலுக்குள் துணை அடைவு ஒன்று இருக்கிறது என்பதைத் தவிர அந்தப் படத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. எழவு வீட்டில் கடைசியாக வந்து அழுபவரிடம் சாவுக்குக் காரணம் கேட்பது போலத்தான் இது.

அதனால் உங்களுக்குக் கடிதம் எழுதி, முழுப் பதிவையும் கேட்டு வாங்கினேன். மற்றவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன்: ‘மேக் 2>&1 | டீ பதிவு’ என்று, ஆங்கில எழுத்தில்தான், தட்டினால் திரையில் ஓடுவதெல்லாம் ‘பதிவு’ என்ற கோப்பிலும் சேரும். ‘-ஜே’ சேர்க்காதீர்கள், பல வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தால் வரிகள் முன்பின்னாகக் கலந்துவிடும். பிறகு கோப்பின் தலையிலிருந்து, ‘எரர்’ என்ற சொல்லுக்குப் பின் முக்காற்புள்ளி வரும் முதல் இடத்தைத் தேடுங்கள். முக்காற்புள்ளியோடு பேசுவது கம்பைலர். அது இல்லாமல் எண்ணோடு வருவது மேக்கின் புலம்பல்.

உங்கள் பதிவில் அந்த முதல் இடம்: ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன் ஏடூஐ’. எழுத்துகளாகக் கிடக்கும் மாதங்களை எண்ணாக்க ‘ஏடூஐ’யை அழைத்திருக்கிறீர்கள், அதை அறிமுகப்படுத்தும் ‘எஸ்டிடிலிப்.எச்’ என்ற ஹெடர் கோப்பைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். 2003-இல் மறந்தது. அறிமுகமில்லாத செயற்கூறு வந்தால், ‘இது முழு எண்ணைத்தான் தரும்’ என்று தானே ஊகித்துக்கொள்வது பழைய சி மொழியின் வழக்கம். அந்தச் சலுகையை 1999-ஆம் ஆண்டின் தரநிலையே நீக்கிவிட்டது. ஜிசிசி மட்டும் எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டிருந்தது. 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் அதைப் பிழையாக்கினார்கள். டெபியன் 12-இல் இருந்தது ஜிசிசி 12. 13-இல் இருப்பது 14. நீங்கள் மாறவில்லை, கம்பைலர் மாறிவிட்டது.

‘ஏடூஐ’ உண்மையிலேயே முழு எண்ணைத் தருவதால் ஊகம் பலித்தது, சங்கத்துக்கு நட்டமில்லை. வட்டி விகிதத்துக்கு ‘ஏடூஎஃப்’ பயன்படுத்தி, அதற்கும் ஹெடரை விட்டிருந்தால்? அது தசம எண்ணைத் தருவது. கம்பைலர் வேறு இடத்தில் விடையைத் தேடி, அங்கே கிடந்த குப்பையை வட்டி என்று எடுத்திருக்கும்.

இதில் நானும் சூடு பட்டவன். ஒரு மருந்துக் கடைக்கு ரசீது நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். 32 பிட் கணினியில் பல ஆண்டுகள் ஓடியது. 64 பிட்டுக்கு மாற்றிய அன்று, திரையில் கடைப் பெயர் வரும், முகவரி வரும், தேதி வர வேண்டிய இடத்தில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நிரல் செத்துவிழும். இரண்டு இரவுகள் அச்சுப்பொறியைத் திட்டினேன். காரணம், தேதியை எழுத்தாக்கித் தரும் ‘சிடைம்’. அது தருவது நினைவகத்தில் ஒரு முகவரி. 32 பிட்டில் முகவரியும் 4 பைட், முழு எண்ணும் 4 பைட், பொருந்திவிட்டது. 64 பிட்டில் முகவரி 8 பைட், முழு எண் அதே 4. ஹெடர் இல்லாததால் முழு எண் என்று ஊகித்த கம்பைலர் மேல் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை முகவரி என்று நீட்டியது. ‘டைம்.எச்’ என்ற ஒரே வரியைச் சேர்த்ததும் சரியாயிற்று. எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே திரையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

‘-எஃப்பெர்மிஸ்ஸிவ்’ என்ற தெரிவைக் கொடுத்தால் ஜிசிசி 14 மறுபடி பழைய தாராளத்துக்கு இறங்கிவரும். பிறர் எழுதிய பெரிய நிரலை இன்றே ஓட்டியாக வேண்டுமென்றால் அதைச் செய்யலாம். உங்களுடையது சொந்த நிரல், ஹெடரைச் சேருங்கள். உங்கள் பதிவில் உள்ள பதினேழு பிழைகளில் பதினான்கு அந்த ஒரு வரியில் மறைந்துவிடும்.

கேள்வி: ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி என் கணினியில் இருக்கிறது. ஆனாலும் கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் ‘கன்ஃபிகர்’ அது இல்லை என்று சாதிக்கிறது. – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இருப்பது, ஏற்கெனவே கம்பைல் ஆன நிரல்கள் ஓடுவதற்கான லைப்ரரி. புதிதாகக் கம்பைல் செய்ய ஹெடர் கோப்புகள் வேண்டும். அவை தனிப் பொதியில் வரும். டெபியன், உபுண்டுவில் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’, ஃபெடோராவில் ‘ஓபன்எஸ்எஸ்எல்-டெவல்’. வேறு ஏதாவது ஹெடர் கிடைக்கவில்லை என்றால், அது எந்தப் பொதியில் இருக்கிறது என்று டெபியன், உபுண்டுவில் ‘ஆப்ட்-ஃபைல்’ தேடிச் சொல்லும். பொதியை நிறுவியபின் ‘கன்ஃபிகரை’ மீண்டும் ஓட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள்.

கேள்வி: 4 ஜிபி நினைவகம். சி++ நிரலை ‘-ஜே8’ கொடுத்துக் கம்பைல் செய்தால் ‘கில்டு’ என்று நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில்! – ஒரு மாணவர், மதுரை

பதில்: விடையைக் கேள்வியிலேயே வைத்திருக்கிறீர்கள். நிரலில் பிழை என்றால் ஒரே கோப்பில் நிற்கும். இடம் மாறி மாறி நின்றால் முதலில் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். ‘டிமெசேஜ்’ (dmesg) கட்டளையில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருக்கும். ஒரே நேரத்தில் எட்டு வேலை வேண்டாம், ‘-ஜே2’ போதும், தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மேக் செய்ய வேண்டியதைச் சொல்லும் மேக்ஃபைல் ஒன்றைப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்டினேன். ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்கிறது. – ஒரு வாசகர், திருச்சி

பதில்: கட்டளை வரியின் தொடக்கத்தில் எட்டு இடைவெளி விட்டிருப்பீர்கள். அங்கே டேப் விசையைத்தான் அழுத்த வேண்டும். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் மேக்கை எழுதிய காலத்திலிருந்து இந்த வம்பு தொடர்கிறது. அச்சில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ‘கேட்’ கட்டளைக்குப் பெரிய எழுத்து ‘-ஏ’ சேர்த்துப் பாருங்கள், டேப் இருக்கும் இடத்தில் கூரைக் குறியும் பெரிய ‘ஐ’யும் தெரியும்.