பாலாடா சரிவும் ஒரு முஷ்டியும்

அன்புள்ள ஐயா,
ஊட்டி அருகே ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். போன மாதம் ஒரு பல்கலைக்கழகக் குழு வேனில் வந்து, காற்றடித்து நிறுத்தும் கோளரங்கக் கூடாரத்தில் சனியின் வளையம், கருந்துளை எல்லாம் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. வானியல் மன்றம் தொடங்கலாமா? கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?
ர.

அன்புள்ள டீச்சர்,

மன்றம் தொடங்குங்கள், அதற்கு என்னைக் கேட்பானேன்? வினாடி வினா, ராக்கெட் ஓவியப் போட்டி எல்லாம் உங்கள் இஷ்டம். வந்து போனவர்களையும் குறை சொல்ல மாட்டேன், இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு வரவே ஒரு மனசு வேண்டும். ஆனால் இவ்வளவு எழுதிய நீங்கள் பக்கத்திலேயே முத்தோரை பாலாடாவில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே!

நான் படித்த காலத்திலும் இதே கதைதான். பஸ் ஜன்னலில் அந்தக் கம்பிக்காடு தெரியும், என்னவென்று கேட்டால் "அது கவர்மென்ட் சமாச்சாரம், பேசாம உட்காரு" என்பார் வாத்தியார். கேரட் தோட்டங்களுக்கு மேலே 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் படுத்துக் கிடக்கிறது, 1970இலிருந்து வானத்தின் ரேடியோ அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, நமக்கு அது ஒரு சமாச்சாரம்!

அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறீர்களா? ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அவருக்கு வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த சரிவு வேண்டும். அதில் தொலைநோக்கியைக் கிடத்தினால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் கிழக்கிலிருந்து மேற்காக அதை மெல்ல உருட்டினால் போதும், ஒரு விண்பொருளை விடாமல் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். பூமி சுற்றுவதை இதைவிட எந்தக் கூடாரம் காட்டிவிடும்?

இன்னொன்றும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். வடக்கே மலை மறைக்காத ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், இருக்கும் பிள்ளைகளைக் கையை நேரே நீட்டி முஷ்டி பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே, அவ்வளவு பிரகாசமில்லாமல், துருவ நட்சத்திரம் நிற்கும். சின்னக் கைக்கும் பெரிய கைக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், கை சின்னதானால் முஷ்டியும் சின்னதுதானே. மறுநாள் வகுப்பில் பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி சரியாக அளக்கட்டும். அந்த நட்சத்திரத்தின் உயரமும் பாலாடா சரிவும் ஏன் ஒரே எண் என்று அவர்களே உங்களை வந்து குடையட்டும். நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், டீச்சர்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

தொலைநோக்கி கேட்டீர்கள் அல்லவா? இப்போது வேண்டாம். நிலாவுக்கு ஒரு நல்ல பைனாகுலர் போதும். மீதிப் பணத்தை ஜீப் வாடகைக்கு வையுங்கள், பாலாடாவுக்கு அனுமதி கேட்டு இந்த வாரமே கடிதம் போடுங்கள்.