வராத அணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் கடலூர் முதுநகர்காரன். நாங்கள் சில கிளப்புகள் சேர்ந்து கைக்காசு போட்டு ஒரு கால்பந்து லீக் நடத்துகிறோம். ஏ டிவிஷனில் எட்டு அணி, பி டிவிஷனில் எட்டு அணி. ஒரே சுற்று, ஆளுக்கு ஏழு ஆட்டம். ஏ-வில் கடைசி இரண்டு அணிகள் இறங்கும், பி-யில் முதல் இரண்டு ஏறும். இந்த முறை ஆகஸ்ட் நடுவில் தொடங்கினோம். எங்கள் ஆட்டங்கள் முடிந்தபோது எங்களுக்கு 7 பாயின்ட், எங்களுக்குக் கீழே இருந்த அணிக்கு 5. அவர்களுக்கு ஓர் ஆட்டம்தான் பாக்கி, அதுவும் எங்களை 4-0 என்று அடித்த காலேஜ் பையன்களோடு. தப்பித்தோம் என்றே நினைத்தோம். மழையில் அந்த ஆட்டம் தள்ளித் தள்ளி நவம்பர் கடைசிக்குப் போய்விட்டது. அன்று காலேஜ் அணி வரவேயில்லை, பரீட்சையாம். வாக்ஓவர், 3-0, மூன்று பாயின்ட். அவர்கள் 8, நாங்கள் ஏழாவது இடம்.

நாட்டின் பெரிய கால்பந்து லீகான ஐ.எஸ்.எல்.லிலேயே 2024-25 வரை யாரும் இறங்கியதில்லை. நூறு பேர் வேடிக்கை பார்க்கும் எங்கள் லீகுக்கு இந்த ஏற்ற இறக்கம் எதற்கு? அடுத்த கூட்டத்தில் இதையே எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். இதற்கிடையில் நான்கு பையன்கள் ஏ டிவிஷன் கிளப்புக்கு மாறுகிறோம் என்கிறார்கள். விடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் சரி. அது விழுந்திருக்கும் இடம்தான் சரியில்லை. உங்களை இறக்கியது ஏற்ற இறக்க விதி இல்லை, உங்கள் காலண்டர். ஏ-வில் 28, பி-யில் 28, ஆக 56 ஆட்டம். ஒரே மைதானம், ஞாயிறு காலை இரண்டு, மாலை இரண்டு என்று நடத்தினால் 14 ஞாயிறு வேண்டும். ஆகஸ்ட் நடுவில் தொடங்கினால் ஒரு நாள்கூடத் தவறாமல் ஆடினாலும் நவம்பர் நடுவில்தான் முடியும். கடலூரில், அக்டோபருக்குப் பிறகு! 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே தெருவே தெரியவில்லை. அங்கே உங்கள் பக்கம் தென்பெண்ணை வேறு வந்து சேர்ந்துகொண்டது. ஜூன் நடுவில் தொடங்குங்கள். செப்டம்பர் நடுவில் முடிந்துவிடும். காலேஜ் பையன்களுக்குப் பரீட்சையும் குறுக்கே வராது.

ஐ.எஸ்.எல்.லை உதாரணம் காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். 2014ல் காசு கட்டி இடம் வாங்கிய அணிகளோடு தொடங்கிய லீக் அது. காசு கட்டியவனை எப்படி இறக்குவது? அங்கேயும் கீழேயிருந்து ஏறுவதற்கு ஒரு கதவைத் திறக்க வேண்டி வந்தது. அதற்கு அடுத்த படியான ஐ லீகை வென்று 2023ல் பஞ்சாப் அணி ஏறியது, அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்டிங். அந்த முகமதன் 2024-25ல் பட்டியலின் அடியில் முடித்தது, இறங்கவில்லை. அந்த அணியின் கடைசி மாத ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தீர்களா? நான் பாதியில் டிவியை அணைத்தேன்.

இதே முகமதனின் பழைய கதை வேறு. 1933ல் கல்கத்தா லீகின் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறியது. 1934ல், ஏறிய முதல் வருடமே, முதல் டிவிஷனை வென்றது. அதுவரை எந்த இந்திய அணியும் அதை வென்றதில்லை. பிறகு 1938 வரை ஐந்து வருடமும் அவர்கள்தான். பி டிவிஷன் என்று ஒன்று இருந்து, அதிலிருந்து மேலே வர வழியும் இருந்ததால் நடந்தது. உங்கள் லீகில் அந்த வழியை அடைக்கச் சொல்கிறீர்கள். பி-யில் முதலிடம் வந்த பையன்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உண்மையான நோய் நடுவில் இருக்கும் அணி. காலேஜ் பையன்கள் ஏன் வரவில்லை? பரீட்சை ஒரு காரணம். அவர்கள் ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். இது இன்று நேற்றைய தொல்லை இல்லை. இங்கிலாந்தில் 1890களில் மேல் டிவிஷனின் கடைசி அணிகளும் கீழ் டிவிஷனின் முதல் அணிகளும் ‘டெஸ்ட் மேட்ச்’ ஆடித்தான் யார் எங்கே என்று முடிவு செய்தார்கள். 1898ல் ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதிய கடைசி ஆட்டத்தில் டிரா ஆனாலே இரண்டுக்கும் மேல் டிவிஷனில் இடம் உறுதி. 0-0. கோல் பக்கம் ஒருவரும் பந்தை அடிக்கவில்லை. வெறுத்துப்போன கூட்டம், கையில் வந்த பந்தைத் திருப்பித் தர மறுத்தது என்பார்கள். அதோடு அந்த முறையை ஒழித்து, நேரடியாக ஏற்றி இறக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடிய ஆட்டமும் இதே ரகம்தான். அதே குரூப்பில் இருந்த அல்ஜீரியா முதல் நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. இருவரும் அடுத்த சுற்றுக்குப் போக எத்தனை கோல் போதும் என்று தெரிந்துகொண்டு இறங்கிய இரண்டு அணிகளும், ஜெர்மனி 1-0 என்று முன்னேறியதும் பந்தை உருட்டிப் பொழுதைக் கழித்தன. 1986லிருந்து குரூப்பின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஒரே மைதானத்தில் உங்களால் அது முடியாது. ஆனால் ஏ டிவிஷனின் கடைசி ரவுண்டு நான்கு ஆட்டத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம், வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம். மழை வந்தால் நான்கும் சேர்ந்தே தள்ளிப்போகட்டும், ஒன்று மட்டும் தனியாகத் தொங்கக் கூடாது.

கூட்டத்தில் இன்னும் இரண்டு கேளுங்கள். ஒன்று, வராத அணி அடுத்த சீசனை மைனஸ் 3 பாயின்டோடு தொடங்க வேண்டும். ஏழே ஆட்டம் உள்ள லீகில் மூன்று பாயின்ட் உயிர். அபராதக் காசெல்லாம் வேலைக்கு ஆகாது, யாரோ ஒரு பெரிய மனிதர் கட்டிவிட்டுப் போவார். இரண்டு, ஏ-வில் ஆறாவது அணியும் பி-யில் மூன்றாவது அணியும் ஓர் ஆட்டம் ஆடட்டும், வென்றவருக்கு ஏ டிவிஷன். ஜெர்மனியில் இப்படி ஒரு மோதல் இன்றும் உண்டு. அங்கே சொந்த ஊர், எதிரி ஊர் என்று இரண்டு ஆட்டம். உங்களுக்கு ஒன்று போதும். இது வந்தால் நான்காவது, ஐந்தாவது இடத்தில் இருப்பவனுக்கும் கடைசி வாரம் வரை தூக்கம் வராது. அவன் மைதானத்துக்கு வருவான்.

உங்களுக்கு நடந்ததை இந்தக் கூட்டத்தில் திருப்ப முயலாதீர்கள். விதிமுறையில் எழுதியபடி நடந்தது, 7-ஐ விட 8 பெரிது. நீங்கள் புதிதாக ஒன்று கேட்டால் காது கொடுப்பார்கள். உங்கள் இடத்தைக் கேட்டால் ‘தோற்றவன் புலம்புகிறான்’ என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பையன்கள் விஷயம். இருபது வயதில் ஏ டிவிஷன் ஆட ஆசைப்படுகிறவனை ஜெர்சியைப் பிடித்து இழுக்காதீர்கள். தடையில்லாக் கடிதத்தை அன்றே எழுதிக் கொடுங்கள், பாக்கிச் சந்தாவையும் கேட்காதீர்கள். நான்கு பேரில் கோல்கீப்பர் இருந்தால் அவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். பி டிவிஷனில் நல்ல கோல்கீப்பர் இருக்கிற அணி பாதி தூரம் ஏறிய மாதிரி.

ஜூனில் ஃபிக்சர் போட்டதும் அனுப்புங்கள். காலை ஆட்டமாக இருந்தால் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.