பெட்டியில் வரும் அலமாரி: கேளுங்கள், சொல்கிறேன்

பாளையங்கோட்டையைச் சுற்றி வீடு வீடாகப் போய், பெட்டியில் பலகை பலகையாக வரும் அலமாரி, ஷூ ரேக், புத்தக ரேக் எல்லாம் இணைத்துப் பூட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மகாராஜநகர்: அண்ணாச்சி, மூணு கதவு அலமாரியை நாங்களே பூட்டினோம். ஒரு கதவு மேலே ஏறி நிற்கிறது, இன்னொன்று மூடவே மாட்டேன் என்கிறது. கீல் கோளாறா?

கீலை இப்போது தொடாதீர்கள். டேப்பை எடுத்து மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலை வரை அளங்கள், அப்புறம் மற்ற இரண்டு மூலைகளையும் அளங்கள். இரண்டும் ஒரே அளவு வந்தால்தான் மூலைமட்டம் சரி. வராவிட்டால் பின்பலகை ஆணியைக் கழற்றி, அலமாரியை மெல்லத் தள்ளி, அளவு ஒத்துவந்த பிறகு மறுபடி அடியுங்கள். மெல்லிசாக இருக்கிறதே, பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று பின்பலகைக்கு நாலு ஆணியோடு விட்டுவிடுகிறார்கள். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் நிற்பதே அந்தப் பலகையால்தான், கூட வந்த தாளில் காட்டிய எல்லா இடத்திலும் ஆணி வேண்டும். அடுத்து தரை. பழைய வீட்டுத் தரை ஒரு பக்கம் வாட்டமாக இருக்கும், தாழ்ந்த காலுக்கு அடியில் சின்னத் தகடு வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கீல்: முன் ஸ்க்ரூ கதவை இடம் வலமாக நகர்த்தும், பின் ஸ்க்ரூ உள்ளே வெளியே நகர்த்தும்.

மேலப்பாளையம்: ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

டிரில் மெஷினால் முறுக்கியிருப்பீர்கள். இந்த அலமாரிகளின் பலகையான பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரச்சிம்பைப் பசை போட்டு அமுக்கியது, அதில் நார் ஓட்டம் கிடையாது, மெஷின் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் ஓட்டை பொடியாகிவிடும். ஓட்டையில் பெவிக்கால் விட்டு, மருந்து கிள்ளிய தீக்குச்சிகளை நெருக்கி அடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, கையால் முறுக்குங்கள். கையால்.

தச்சநல்லூர்: பலகையைப் பலகையோடு இணைக்கும் அந்த வட்டப் பூட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

அதன் அம்புக்குறி, போல்ட் நுழையும் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அரைச் சுற்றுக்குள் இறுகிவிடும். இறுகவில்லை என்றால் போல்ட் முழுசாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சி: எங்கள் தாத்தா செய்த தேக்கு அலமாரி இன்னும் அசையாமல் நிற்கிறது. இந்த அட்டையை எதற்கு ஜனங்களிடம் தள்ளுகிறீர்கள்?

தேக்கோடு நான் போட்டிக்கு வரவில்லை ஐயா. ஆனால் வாடகை வீட்டில் இருக்கும் புதுத் தம்பதி, மூணாவது மாடி, குறுகிய படி, கையில் சில ஆயிரம் ரூபாய். அவர்கள் துணியைத் தரையில் குவித்து வைக்க வேண்டுமா? அவர்களுக்கு இந்தப் பெட்டி ஒரு மரியாதை. சரியாகப் பூட்டி, கீழே ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும்.

சிந்துபூந்துறை: ஈரம் படாமல் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஆறே வீட்டுக்குள் வந்தது அண்ணாச்சி. பெரியவர் சொல்வதுதான் சரி.

ஒத்துக்கொள்கிறேன். டிசம்பர் 17, 18 மழைக்கு அப்புறம் நான் பூட்டிய அலமாரிகளை நானே துண்டு துண்டாக வெளியே தூக்கிப் போட்டேன். தண்ணீர் குடித்தால் சிம்பு உப்பும், பசை விடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. தேக்கு அப்படியில்லை, நிழலில் காயவைத்துச் சீவினால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆகவே ஆற்றோரத் தெருவில் கீழ்வீடு என்றால் என்னைக் கூப்பிடாதீர்கள். மளிகைக் கடையில் இருக்குமே, ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக், அதை வாங்குங்கள். மற்றவர்கள் அலமாரியைச் செங்கல் உயரமாவது தூக்கி வைத்து, அடி விளிம்பிலும் ஓட்டைகளிலும் வார்னிஷ் பூசுங்கள். தரை துடைக்கும் தண்ணீரே போதும் விளிம்பைக் கெடுக்க.

ஆழ்வார்குறிச்சி: அப்படியென்றால் ஸ்டீல் பீரோதான் எல்லாவற்றுக்கும் மேல்.

அதுவும் அடியில் துருப்பிடிக்கும். இந்தச் சண்டையை இதோடு விடுவோம், இன்னும் கேள்விகள் இருக்கின்றன.

பேட்டை: புத்தக ரேக்கின் நடுத்தட்டு தொய்கிறது.

தட்டு நீளம். மொத்தம் அதே எடையை வைத்து, தட்டின் நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டு மடங்காகும். நடுவில் ஒரு முட்டுப்பலகை கொடுங்கள், தட்டையும் திருப்பிப் போடுங்கள்.

பெருமாள்புரம்: எந்தக் கம்பெனி நல்லது?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். பலகைக் கனம் 16 மில்லியாவது இருக்கிறதா, எல்லா விளிம்பிலும் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கே.டி.சி. நகர்: அலமாரியைச் சுவரில் கட்டாயம் பிணைக்க வேண்டுமா?

ஆமாம்.

வண்ணார்பேட்டை: வீட்டுக்காரர் ஓட்டை போட விடமாட்டார். பிணைக்காமல் விட்டால் என்ன?

இதையே விதவிதமாகக் கேட்கிறீர்கள், அதனால் ஒரு தடவை முழுசாகச் சொல்கிறேன். இழுப்பறை மூணையும் ஒன்றாக இழுத்தால் கனம் முழுக்க முன்னால் வரும். அதில் குழந்தை படியென்று நினைத்துக் காலை வைத்தால் அலமாரி அதன் மேலேயே சாயும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்துபோய், 2016-ல் ஐகியா என்ற மரச்சாமான் கம்பெனி அங்கே 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உங்கள் பெட்டியில் ஒரு பட்டையும் இரண்டு ஸ்க்ரூவும் வந்திருக்கும், மிச்ச சாமான் என்று தூக்கிப் போடாதீர்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் காரையைத் தாண்டிச் செங்கல் வரை துளை போய், ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் அதில் உட்கார வேண்டும். காலி செய்யும்போது சுவர்ப் பட்டி போட்டு அடைத்தால் துளை தெரியாது, இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உயரமான அலமாரி வாங்க வேண்டாம்.

குலவணிகர்புரம்: எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இல்லையே அண்ணாச்சி?

லீவுக்கு யாரும் வர மாட்டார்களா? பிணையுங்கள்.