லோ பிபிக்கு அதிமதுரக் கஷாயம் குடிக்கலாமா?

ரத்த அழுத்தம் 90/60-க்குக் கீழே இருந்தால் லோ பிபி. தலைசுற்றல், கண் இருட்டல் எதுவும் இல்லையென்றால் பலருக்கு அது இயல்புதான், மருந்தே வேண்டாம்.

அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும் என்பது உண்மை. அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கச் செய்கிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறினால் கீழே குழாயில் வேகம் கூடுமே, அதுபோல. ஆனால் கூடவே பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். கால் துவளும், தசை பிடிக்கும், நெஞ்சு படபடக்கும். இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நிறுத்திய பிறகும் விளைவு ஓரிரு வாரம் நீடிக்கும்.

கிளைசிரைசின் நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். வேருக்கு வேர் அளவு மாறுவதால் 3 கிராம் பொடியே அதைத் தாண்டிவிடலாம். வீட்டில் அளக்க வழியில்லை. அதனால் மருத்துவர் சொல்லாமல் தினமும் குடிக்காதீர்கள். கர்ப்பிணிகள், சிறுநீரக, இதய நோயாளிகள், டிகாக்சின் என்ற இதய மருந்து அல்லது நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் தொடவே வேண்டாம்.

முதலில் ஐந்து நிமிடம் படுத்திருந்து பிபி பாருங்கள். எழுந்து நின்று 1, 3 நிமிடங்களில் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால், மயக்கம் வந்தால், மலம் கறுத்தால் கஷாயம் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

பீட்ரூட் சாறு "ரத்தம் ஊறும், பிபி ஏறும்" என்று தருகிறார்கள். அது ரத்தக் குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கத்தான் செய்யும்.